முதல் ஈட்டு 5ஜி போனை இப்போது செகண்ட்ஸில் வாங்கலாமா? (புளியரை, ஆரியங்காவு பக்கம்)

புளியரைக்காரன்:

வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை. கொச்சியில் இருக்கும் மச்சினன் போன் மாற்றுகிறான். பழையது 2020இல் வாங்கியது, பெட்டியில் 5ஜி என்று பெரிதாகப் போட்டு வந்த முதல் ஈட்டுப் போன்களில் ஒன்று. ஸ்னாப்டிராகன் 865 சிப், 8 ஜிபி ரேம், அப்போது கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய். "அத்தான், ஒன்பதாயிரம் கொடுங்க, போதும்" என்கிறான். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வீர்கள், என் கேள்வி அப்படியே கிடக்கும்.

வீடு புளியரையில், காங்கிரீட் தளம். வேலை புனலூரில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுவது, ஆக தினமும் கேரள எல்லையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியாகத்தான் போக்குவரத்து. மகள் காலேஜில் படிக்கிறாள், சாயங்காலம் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் அவள் லேப்டாப் ஓடும். ஒரு ஜியோ சிம், ஒரு ஏர்டெல் சிம். இதே காசுக்குப் புதிதாகவே 5ஜி போன் வருகிறதாமே? பழைய பெரிய போனா, புது சின்ன போனா?

தென்காசி செல் கடை:

அண்ணாச்சி, கடை வைத்திருப்பதால் புதுசைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நினைக்காதீங்க. 2020 போன் என்றால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, அது யார் செய்த போனாக இருந்தாலும் அப்படித்தான். அந்த வருஷம் வந்த பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோச்சு. அதெல்லாம் பரவாயில்லை என்றாலும், அமோலெட் திரை ஒரு தடவை கீழே விழுந்து போனால் நீங்க கொடுத்த விலையில் பாதிக்கு மேல் செலவு வைக்கும். புதுசு என்றால் ஒரு வருஷம் வாரண்டி. கொச்சிக்காரரிடம் போய் வாரண்டி கேட்க முடியுமா, அதுவும் மச்சினனிடம்!

ஆரியங்காவு எஸ்டேட்:

பேட்டரி பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி கடைக்காரர் கடைக்காரராகத்தான் பேசுகிறார். எட்டாயிரம் ஒன்பதாயிரத்துக்கு வரும் புது போனில் 4 ஜிபி ரேம், 720பி எல்சிடி திரை, பதினெட்டு வாட் சார்ஜர். இவர் சொல்கிற போனில் 865 சிப், இன்றைக்கும் அந்தச் சின்ன போனை ஓரம் கட்டிவிடும். 2020 பிப்ரவரியில் இந்தியாவுக்கு முதலில் வந்த இரண்டு 5ஜி போன்களை நினைத்துப் பாருங்கள். 24ஆம் தேதி ரியல்மி எக்ஸ்50 ப்ரோ, மறுநாள் ஐக்கூ 3. முதலாவது 65 வாட், இரண்டாவது 55 வாட் சார்ஜிங். இப்போதைய சின்ன போன் எதிலும் அது கிடையாது. 5ஜி வராவிட்டால் போகட்டும், போன் நல்ல போன். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 4ஜியே இரண்டு கோடு வந்தால் பெரிய விஷயம்.

பழைய ஆன்டெனா:

நான் தொலைத்தொடர்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் தம்பி "5ஜி வராவிட்டால் போகட்டும்" என்கிறார். ஆனால் புளியரைக்காரர் ஹாட்ஸ்பாட் போட்டு மகளைப் படிக்க வைக்கிறார், அவருக்கு அது போகட்டும் என்று விடுகிற விஷயம் இல்லை. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது ஜியோ ஒரு நாளைக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்குத்தான் அளவில்லா 5ஜி என்று வைத்தது. 5ஜியில் நின்றால் அளவில்லை, 4ஜிக்கு இறங்கினால் அந்த 2 ஜிபி கரையும். லேப்டாப்பில் இரண்டு வகுப்பு பார்த்தால் முடிந்தது. ஆகவே போன் 5ஜியைப் பிடிக்கிறதா இல்லையா என்பது நேராகக் காசுக் கணக்கு.

இனி 2020க்கு வருவோம். இந்தியாவில் 5ஜி அலைக்கற்றை ஏலமே 2022 ஜூலை 26இல்தான் தொடங்கியது. சேவை அக்டோபர் 1இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஜியோ கொச்சிக்கு வந்தது டிசம்பர் 20. அதாவது அந்தப் போனை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இங்கே எந்த அலைவரிசையில், எந்த முறையில் 5ஜி வரப்போகிறது என்று உறுதியாகத் தெரியாது. 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும் என்று ஒரு ஊகம் இருந்தது, அதனால் இந்தியாவுக்கென்று அனுப்பிய பல போன்களில் என்78 என்ற அந்த ஒரு பேண்டை (அலைவரிசைத் தொகுதியை) மட்டும், அல்லது அதோடு இன்னும் ஒன்றிரண்டை, திறந்துவைத்து அனுப்பினார்கள்.

ஏலத்தில் என்ன நடந்தது? 700 மெகாஹெர்ட்ஸை, அதாவது என்28ஐ, ஜியோ ஒருவர் மட்டும் வாங்கினார். நாடு முழுக்க 10 மெகாஹெர்ட்ஸ் இணை, அதாவது போக 10, வர 10. 3,300இல் ஜியோவும் ஏர்டெல்லும் ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ். இந்த 700 தான் உங்கள் பக்கத்துக்கு முக்கியம். அதிர்வெண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும், மரத்தைத் தாண்டும். 3,300இல் போகிற அலை காங்கிரீட் சுவரைக் கண்டால் பாதி செத்துவிடும். மலை, ரப்பர் தோட்டம், டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு என்றிருக்கும் இடத்தில் என்28 இல்லாத போன் வாசலில் 5ஜி காட்டி அடுக்களைக்குள் போனதும் 4ஜிக்கு இறங்கும். வெறும் 10 மெகாஹெர்ட்ஸ்தானே, அதனால் என்28இல் வேகம் விளம்பரத்தில் வருகிற மாதிரி பறக்காது. இருந்தாலும் அது 5ஜி கணக்கில் வரும், அளவில்லா டேட்டா ஓடும். உங்களுக்கு வேண்டியது அதுதானே.

ஆரியங்காவு எஸ்டேட்:

ஐயா, அப்படியானால் 2020 போன் எல்லாமே குப்பை என்கிறீர்களா?

பழைய ஆன்டெனா:

இல்லை தம்பி. அதே 2020 அக்டோபரில் வந்த ஐபோன் 12இல் என்28, என்78 இரண்டும் உண்டு, இன்னும் ஒரு நீளப் பட்டியலே உண்டு. அதற்கும் 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் இங்கே 5ஜி வேலை செய்தது என்பது வேறு கதை. வன்பொருளில் இருந்தாலும் மென்பொருளில் திறந்துவிட வேண்டும். ஆக, வருஷத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். கல்ஃபில் வாங்கிய போனுக்கும் கொச்சியில் வாங்கிய போனுக்கும் பெயர் ஒன்றாக இருக்கும், மாடல் எண் வேறாக இருக்கும், பேண்டும் வேறாக இருக்கும். நம் பக்கம் பாதிப் போன் துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும்தான் வருகிறது, கவனம்.

நியூஜெர்சி ரிட்டர்ன்:

இந்தக் கூத்து 4ஜியிலேயே நடந்து முடிந்தது சார். 2011இல் நான் அமெரிக்காவில் இருந்தபோது ஊரெல்லாம் பேசியது எச்டிசி தண்டர்போல்ட். வெரைசன் என்ற அந்த ஊர் செல் கம்பெனியின் எல்டிஇயில், அதாவது 4ஜியில், ஓடிய முதல் போன், மார்ச் 17இல் வந்தது, இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 249.99 டாலர். அதன் பலம் என்று பார்த்தால், வெரைசன் சொன்ன வேகம் 5 முதல் 12 எம்பிபிஎஸ், பத்திரிகைக்காரர்கள் சோதித்தபோது அதையும் தாண்டி வந்தது. 3ஜியில் ஒன்றரைக்கும் ஒன்றுக்கும் பழகியிருந்த ஆட்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 4.3 அங்குலத் திரை அப்போது பெரிய திரை, பின்னால் சாய்த்து நிறுத்த ஒரு கால் வேறு, 768 எம்பி ரேம், பெட்டியோடேயே 32 ஜிபி கார்டு. பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாம், வெரைசனின் மற்ற போன்களில் அப்போது அது முடியாது.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்று எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பேட்டரி 1,400 எம்ஏஎச். பேச்சுக்கு சிடிஎம்ஏ என்ற பழைய முறையின் ரேடியோ ஒன்று, டேட்டாவுக்குத் தனியாக ஒரு எல்டிஇ சிப், இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும். அன்றைக்கு வந்த விமர்சனங்களில் பேட்டரியைத் திட்டாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2,750 எம்ஏஎச் பெரிய பேட்டரி ஒன்றைத் தனியாக விற்றார்கள், போட்டால் முதுகு புடைத்துப் போகும். எல்டிஇயை அணைத்து வைக்க நேரடியாக ஒரு பொத்தான் இல்லாததால், அதற்கென்றே ஆட்கள் தனி ஆப் எழுதினார்கள் என்றால் பாருங்கள்.

அதே வருஷம் ஏப்ரலில் ஆப்பிளின் டிம் குக், எல்டிஇயின் முதல் தலைமுறைச் சிப்புகள் போன் வடிவமைப்பில் நிறைய விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன, சிலவற்றை நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை என்கிற பொருளில் பேசினார். ஐபோன் 4எஸ் எல்டிஇ இல்லாமலேயே வந்தது, 2012இல் ஐபோன் 5இல்தான் போட்டார்கள். அதற்குள் எல்லா ரேடியோவும் 28 நானோமீட்டரில் ஒரே சிப்புக்குள் வந்துவிட்டது. அப்போது ஆப்பிளைக் கிண்டல் செய்தவர்களில் பலர் தண்டர்போல்ட்டோடு சார்ஜரையும் பையில் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள்தான்.

இந்த 865க்கும் அதே ஜாதகம்தான் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டவரோடு பேசும் எக்ஸ்55 மோடம் அதற்கு வெளியே தனிச் சிப். அதே காலத்து 765ஜியில் மோடம் உள்ளேயே இருந்தது.

தென்காசி செல் கடை:

பார்த்தீங்களா, நான் சொன்னதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

குமுளி ஏலக்காய்:

கடை அண்ணாச்சி ரொம்ப சந்தோஷப்படாதீங்க. புது சின்ன போனிலும் ஒரு பொறி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 5ஜியில் இரண்டு முறை. ஒன்று எஸ்ஏ, 4ஜியை நம்பாமல் முழுக்க 5ஜியின் சொந்த மையக் கட்டமைப்பு (கோர்) மேலேயே ஓடுவது, ஜியோ இப்படித்தான். இன்னொன்று என்எஸ்ஏ, 4ஜியைப் பிடித்துக்கொண்டு அதன் தோளில் 5ஜி ஏறி நிற்பது, ஏர்டெல் நாடு முழுக்க விரித்தது இப்படித்தான். 2024 கடைசியில் ரெட்மி ஏ4 5ஜி, போகோ சி75 5ஜி என்று எட்டாயிரம் ரூபாய் பக்கத்தில் வந்தன, ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2. அவற்றில் எஸ்ஏ மட்டும்தான். ஏர்டெல்லின் என்எஸ்ஏ 5ஜி அதில் வராது. பெட்டியில் 5ஜி என்றுதான் போட்டிருக்கும்! பழைய போனில் ஒரு பக்கம் அடைத்திருந்தால் புது போனில் மறுபக்கம் அடைத்திருக்கிறது. புளியரைக்காரர் இரண்டு சிம்மும் வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கமும் இதே கதைதான். கம்பத்தில் சிம் வாங்கி, குமுளியில் கடை, தோட்டம் வண்டன்மேட்டில். மேலே ஏறி இறங்குவதற்குள் போன் எத்தனை டவர் மாறுகிறது என்று அதற்கே தெரியாது.

புளியரைக்காரன்:

எல்லையைப் பற்றி நானே கேட்க இருந்தேன். பழைய காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே கேரளா டவர் பிடித்து "கேரளத்துக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் வரும், உள்வரும் அழைப்புக்கும் ரோமிங் காசு போகும். அதற்காகவே கையால் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்போம். 1956 நவம்பர் 1க்கு முன் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது, டவருக்கு இன்னும் அந்த நினைப்பு போலும். இப்போது ரோமிங் காசு இல்லை. ஆனாலும் செக்போஸ்ட் பக்கம் போனால் பேட்டரி இறங்குவது மட்டும் மாறவில்லை. அது ஏன்?

பழைய ஆன்டெனா:

அலைக்கற்றை வட்டம் வட்டமாக ஏலம் போகிறது. தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா ஒரு வட்டம். ஒரே கம்பெனிக்கு இரண்டு பக்கமும் எல்லா பேண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லையில் இரண்டு பக்க டவரும் மங்கலாகக் கேட்கும், போன் இதையா அதையா என்று மாறி மாறி அளந்து பார்த்துக்கொண்டே இருக்கும், மங்கலான டவருக்குப் பேச அதிக சக்தியில் கத்தவும் வேண்டும். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் ரயில் நுழைந்ததும் சிக்னல் மொத்தமாகப் போகும், வெளியே வந்ததும் முதலிலிருந்து தேடும். என்எஸ்ஏவில் 4ஜி, 5ஜி இரண்டு இணைப்பையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்க வேண்டும், மோடம் தனிச் சிப்பாக உள்ள போனில் அது இன்னும் கொஞ்சம் சூடு. இந்தப் பாதையில் தினமும் போகிறவர் பயணத்தின்போது 4ஜிக்கு மாற்றி வைத்துக்கொள்வதுதான் நல்லது. எந்தப் போனாக இருந்தாலும்.

நியூஜெர்சி ரிட்டர்ன்:

பேண்ட் விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. 2012இல் ஆப்பிள் மூன்றாவது ஐபேடை 4ஜி என்று ஆஸ்திரேலியாவில் விற்றது. அதிலிருந்த எல்டிஇ பேண்டுகள் அமெரிக்கா, கனடாவுக்கு உரியவை, ஆஸ்திரேலியாவின் எல்டிஇ அதில் வரவே வராது. அந்த நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 22.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. அதே 2012 ஏப்ரல் 10இல் கொல்கத்தாவில் ஏர்டெல் தொடங்கிய இந்தியாவின் முதல் 4ஜி 2,300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த எல்டிஇ போன்கள் இங்கே 3ஜியில்தான் உட்கார்ந்திருந்தன. அப்புறம் 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தபோது இன்னொரு ரகளை: 4ஜி இருக்கும், வோல்ட்இ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) இருக்காது, கால் பேச தனியாக ஒரு ஆப் போட வேண்டும்.

முதல் ஈட்டில் எல்லாம் சரியாக அமைந்த போன் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 2010இல் ஸ்பிரின்ட் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் ஈவோ 4ஜி பாவம், அதற்கு நெட்வொர்க்கே தப்பான குதிரை. வைமேக்ஸ் என்ற வேறு முறை. உலகம் எல்டிஇ பக்கம் போய்விட்டது.

ஆரியங்காவு எஸ்டேட்:

நீங்கள் எல்லாரும் சொல்வதைக் கேட்டால் யாரும் எதையும் முதலில் வாங்கவே கூடாது போலிருக்கிறது. அந்த முதல் ஆட்கள் காசு கொடுத்து வாங்கவில்லை என்றால் இரண்டாவது தலைமுறைச் சிப் யார் காசில் வந்திருக்கும்?

நியூஜெர்சி ரிட்டர்ன்:

வாங்கட்டும் தம்பி, நான் தடுக்கவில்லை. மச்சினன் வாங்கினான் இல்லையா, 2020இல் அவனுக்கு வேகமான போன் கிடைத்தது, அனுபவித்தான். இப்போது அத்தான் கேட்பது வேறு. அவருக்கு 5ஜிதான் வேலை, போன் வெறும் மோடம்.

குமுளி ஏலக்காய்:

சரி, பேச்சு போதும், அவர் செய்ய வேண்டியதைச் சொல்லுவோம். செட்டிங்ஸில் போய் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள், என்28 இருக்கிறதா, எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் போட்டிருக்கிறதா. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், வரும், கேஒய்எம் என்று போட்டு இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422க்கு மெசேஜ் அனுப்பினால் அது திருட்டுப் போனா இல்லையா என்று தெரியும். மச்சினனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை, அவருக்கே செகண்ட்ஸில் வந்ததோ என்னவோ! எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் சிம்மைப் போட்டு உங்கள் வீட்டுக்குள் மகள் உட்கார்ந்து படிக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.

புளியரைக்காரன்:

மச்சினன் கோயில் கொடைக்கு வந்திருந்தான், நீங்கள் சொன்ன மாதிரியே பார்த்தாயிற்று.

மாடல் எண்ணைத் தேடினால் பட்டியலில் என்28 இல்லை. எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் ஜியோ சிம்மில் 5ஜி ஏறுகிறது, வேகமும் நன்றாகவே இருக்கிறது, படி இறங்கி உள்ளே வந்தால் 4ஜி. மகளின் தோழி கொடைக்கு வந்திருந்தாள், அவள் கையில் புது போன், அதில் என்28 உண்டு. அதே சிம்மை அதில் மாற்றிப் போட்டு அதே மேஜை மேல் வைத்தோம், 5ஜி நின்றது. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆன்டெனா ஐயா சொன்ன மாதிரியேதான், ஆனால் நின்றது. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மச்சினன் போனில் இரண்டு சிம்மிலும் 5ஜி குறையில்லாமல் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் அதற்குள் அந்தத் திரையைப் பார்த்துவிட்டாள். "5ஜி வேண்டாம்பா, இதையே வாங்குங்க" என்கிறாள். ஹாட்ஸ்பாட் யாருக்காக என்று கேட்டால் பதில் இல்லை.

தென்காசி செல் கடை:

அப்படியென்றால் என்28ஓடு, இரண்டு முறையும் உள்ள புது போனாக எடுங்க, ஒரு இரண்டாயிரம் மூவாயிரம் கூடும். பட்டியல் எடுத்து வைக்கிறேன், நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கோங்க, இந்த இழையைப் படித்த பிறகு பெட்டியைக் காட்டி விற்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஆரியங்காவு எஸ்டேட்:

புளியரைக்காரரே, நீங்கள் வாங்கவில்லை என்றால் மச்சினன் நம்பரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எட்டாயிரத்து ஐந்நூறுக்குப் பேசிப் பார்க்கிறேன். எங்கள் லயத்தில் எப்படியும் 4ஜிதான், எனக்கு அந்தத் திரையும் சார்ஜரும் போதும்.

தென்காசி செல் கடை:

எஸ்டேட் தம்பி, வாங்கினால் பேட்டரி மாற்ற என்னிடமே கொண்டு வாங்க. ஒரிஜினல் கிடைக்கிறதா என்று முதலில் மாடல் எண்ணை அனுப்புங்க, பார்த்துவிட்டு விலை சொல்கிறேன்.